பொருந்தாத எண்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பகலெல்லாம் பல் வைத்தியம்,
இரவு ஏழரைக்கு மேல் துப்பாக்கி.
உரிமம் இருக்கிறது. சுடாது.
குழலைப் பற்றவைத்து அடைத்திருக்கிறார்கள்.
வேர் எடுத்த கடைவாய்ப்பல் மாதிரி
இனி எதுவும் அதற்கு வலிக்காது.

தளிப் பக்கம் ஒரு ஏலத்தில் எடுத்தது.
என் மனைவியிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்.

மரத்தைக் கழற்றி
வாய்க்கண்ணாடியை நுழைத்து விளக்கைச் சாய்த்தால்
ஒரு கிரீடம், 1917, உடலில் 4471.
போல்ட்டில் தேய்ந்துபோய் வேறு ஏதோ.
எண்ணெயைத் துடைத்து
பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்து அப்பினேன்.
இளஞ்சிவப்பில் இடவலம் மாறி எழுந்து நின்றது
2209.

அப்படியானால் இரண்டு துப்பாக்கிகள்.
அப்படியானால் இரண்டு ஆட்கள்.
ஏதோ ஒரு பாலைவனம், ஒருவன் சரிகிறான்,
அவனுடையதிலிருந்து உருவி
மற்றவன் தன்னுடையதில் பூட்டுகிறான்.
பதிவேட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.
ஆவணக் காப்பகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன்.
பதினோரு மாதம் கழித்து ஒரு பதில்:
அந்த ஆண்டின் பேரேடு செல்லரித்துவிட்டது.

தருமபுரிக்குப் போய் நடுகற்களைப் பார்த்தேன்.
பெயர் இருக்கிறது, எவர் ஆட்சியில் என்று இருக்கிறது,
யாருடைய மாட்டுக்காகச் செத்தான் என்றுகூட.
எந்த வில் என்று ஒரு கல்லும் சொல்லவில்லை.
என்னிடம் வில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, செட்டுப்பல்லுக்கு வந்தார்
ஆயுதப்படையில் ஓய்வுபெற்ற ஏட்டு மாதப்பன்.
வாய் நிறைய மாவு, மூன்று நிமிடம் பேசக்கூடாது.
கண் மட்டும் தட்டில் இருந்த
சாந்து வார்ப்பில் போய் நின்றது.
2209-ஐக் காட்டினார்.
பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் ஒன்றரை நிமிடம்.

துப்பிவிட்டுச் சொன்னார்:
"அது என் நம்பருங்க டாக்டர்.
இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி
ஒரே தொட்டி மண்ணெண்ணெயில
நானும் வேடியப்பனும் போல்ட்டெல்லாம் கழுவினோம்.
மாறிப்போச்சு.
மூணு நாள் எக்ஸ்ட்ரா டிரில் ஆளுக்கு.
அப்புறமும் மாத்தல, அரத்தால ராவிப் பழகிடுச்சு."

சுட்டிருக்கிறதா என்றேன்.

"வருஷத்துக்குப் பத்து ரவுண்டு, அட்டைக்கு.
மத்தபடி கருவூலத்து வாசல்தான்.
வேடியப்பன் சர்வீஸ்லயே போயிட்டான்.
அன்னிக்கு ஆகாசத்தைப் பார்த்து மூணு.
முதல் ரவுண்டு போச்சு.
ரெண்டாவதுல என்னோடது மக்கர்.
அவன் போல்ட்டு."

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.
குடித்துவிட்டார்.

அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்கவில்லை,
குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
அடியில் எழுதினேன்: மண்ணெண்ணெய்த் தொட்டி, தருமபுரி.
அதற்கு முந்தைய ஐம்பத்துச் சொச்சம் வருடத்துக்கு
இடம் விட்டிருக்கிறேன்.
4471-இன் போல்ட்
எங்கே உருகியதோ, எந்தக் கம்பியாய் எந்தக் கூரையில்.

அடுத்த வாரம் வந்து பல்லை மாட்டிப் பார்த்தார்.
கீழ்வரிசை இடதுபக்கம் உறுத்துகிறதாம்.
நான் அரத்தை எடுத்தேன்.
"வேற யாரோடதாவது மாறிடுச்சா டாக்டர்?" என்றார்,
சிரிக்காமல்.