சனிக்கிழமை இரண்டு மணி வரை

கடை என்னுடையது. சலவை இயந்திரம், ரேடியோ,
மின்சார அடுப்புக்குச் சுருள்கம்பி,
இவற்றில் கெமி ஊரில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.
இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் பெட்டி வரும்.
வெள்ளி மாலை பிரிப்பேன். எட்டு கேசட், பத்து கேசட்,
அட்டையில் டிராகன், விண்கலம், வாளேந்திய ஒருவன்.
எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது,
எனக்கென்ன தெரியும்?
அட்டையை நம்பிப் போன கிறிஸ்துமஸில்
கையைச் சுட்டுக்கொண்டேன்:
வாளேந்தியவன் திரையில் நான்கு சதுரமாக இருந்தான்.

அதனால் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிறது.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
காகித ஆலையின் புகை நேரே மேலே போய்
அங்கேயே நின்றுவிடுகிற குளிர்.
பூட்ஸைக் கழற்று. கையுறையைக் கழற்று.
ஈரக் கையால் ஜாய்ஸ்டிக்கைத் தொடாதே.
என் சட்டம் அவ்வளவுதான்.
ஆளுக்கு ஒரு முறை என்பது அவர்களே போட்டுக்கொண்டது.

ஒரு கேசட் ஏறப் பதினெட்டு நிமிடம்.
திரையோரம் வண்ணக் கோடுகள் நடுங்க
ஒன்பது ஜோடி சாக்ஸ் ஹீட்டர் முன்னால் ஆவி விடும்.
யர்மோ டேப்பின் எண்களைச் சத்தமாகப் படிப்பான்,
நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று,
பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பனைப் போல.
பாதியில் நின்றுபோனால் ஒருவரும் திட்டமாட்டார்கள்.
ஸ்க்ரூடிரைவர் கேட்பார்கள்.
எதைத் திருக வேண்டும் என்பதும் அவர்களுக்கே தெரியும்.

நான் திரையைப் பார்ப்பதில்லை.
பில் புத்தகத்தைப் புரட்டும் சாக்கில் முகங்களைப் பார்க்கிறேன்.
வாய் திறந்திருந்தால் இரண்டு.
காத்திருப்பவன் கழுத்து
ஆடுகிறவன் தோளுக்கு மேல் நீண்டால் ஐந்து.
ஒருவன் ஜன்னலைப் பார்த்துவிட்டால் போதும்,
கேசட் மறுபடி பெட்டிக்குள்.
இப்படித்தான் ஆர்டர் எழுதுகிறேன்.
இதுவரை மோசமில்லை.

ஓவ்தி மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டாள்.
பன்னிரண்டு வயது. ஆலைக்கு மரம் ஏற்றும் லாரிக்காரர் மகள்.
முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.
கடைசி ஆளாக ஆடுவாள், எழுந்து கோட்டை மாட்டுவாள்,
கதவருகில் ஒரு வரி சொல்வாள்.
"நல்லாதான் இருக்கு, நாளைக்கே முடிஞ்சிடும்."
"தாவுறதுக்கு யோசிக்குது. வேண்டாம்."

இன்று, சுரங்கமும் ஏணியுமாக ஒன்று.
பையன்கள் எட்டுப் பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்,
முதல் அறையை ஒருவனும் தாண்டவில்லை.
அவளும் தாண்டவில்லை.
"பத்து வாங்குங்க" என்றாள்.

பத்தா?

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினேன்.
பூட்ஸ்கள் விட்டுப்போன தண்ணீரைத் துடைத்தேன்.
ஆர்டர் தாளில் பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
பிறகு, யாரும் இல்லையென்று, உட்கார்ந்தேன்.
ஐம்பத்தொரு வயது முழங்காலுக்கு
அந்த ஸ்டூலின் உயரம் போதாது.
ஏணி. விழுந்தேன். ஏணி. விழுந்தேன்.
மூன்றாவது உயிர் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை.
மறுபடி.
மறுபடி.
வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
விழுகிற இடத்துக்கு ஒரு அடி முன்னால்
கூரையில் ஒரே ஒரு செங்கல்
மங்கி, பளிச்சிட்டு, மங்கி...
அடப்பாவி, இது காலையிலும் இருந்ததா?

கண்ணாடியில் டக் டக்.
பஸ்ஸுக்குக் காத்திருந்தவள்
உறைபனி படராத ஓரத்தில் மூக்கை அழுத்தி
எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ.
கதவைத் திறக்க எழுந்தேன்.
வேண்டாம் என்று தலையாட்டினாள்,
கையுறைக் கையை உயர்த்திக் காட்டினாள்: பொறுங்க.
செங்கல் மங்கியது.
இன்னும் பொறுங்க.
அவளும் தாண்டாதவள்தான். ஊகம்தான். ஆனாலும்
என் கட்டைவிரல் அவள் கைக்காகக் காத்திருந்தது.

அவளுக்குப் பின்னால் பஸ் வந்து
கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது.
டிரைவர் ஒருமுறை ஹாரன் அடிக்கிறார்.
அவள் திரும்பவில்லை,
கையை இறக்கவுமில்லை.