நாலாவது எண்

எழுத்துக்கு இருபது ரூபாய், எண்ணுக்கும் அதே ரேட்.
'ஸ்தாபிதம் 186' வரை வந்தபோது
ஏணியைப் பிடித்து ஆட்டினார் செயலர் தியோப்பிலஸ்:
"பொறுப்பா, பொறு."

அடிக்கல்லில் நாலு.
கப்பலில் வந்த மணியில் ஏழு.
ஞானஸ்நானப் பதிவேட்டில்
ஐந்தா ஆறா, கரையானுக்குத்தான் தெரியும்.
பொருளாளர் எப்சிபா அக்கா
பழைய ரசீது ஒன்றை விரித்தார்:
கூரை ஒழுகல், சுண்ணாம்பு, ஆள்கூலி.
தேதி அறுபத்துமூன்று.
அடிக்கல்லுக்கு முந்தின வருஷமே
ஒழுகியிருக்கிறது கோயில்.

தொடங்கியதா, திறந்ததா,
முதல் சங்கீதம் பாடியதா, எந்த நாள் கணக்கு?
கமிட்டி டீ குடிக்கப் போனது.
சிவாஜிநகர் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.
டப்பாவில் கறுப்பு ஏடு கட்டத் தொடங்கிற்று.

எனக்கு ஆதாரில் ஜூன் ஒன்று,
வாத்தியார் போட்டது.
அம்மா சொல்வது
அல்சூர் ஏரி தெருவுக்கு வந்த வருஷம்.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ
அழுதிருப்பேன்.

மழை பிடித்துக்கொண்டது.
"அடுத்த ஞாயிறு சொல்கிறோம்."
மூன்று எண்ணுக்கு அறுபது,
சில்லறையாக எண்ணித் தந்தார் அக்கா.

போர்டிகோ விளக்கைப் போட்டதும் ஈசல்.
ஒன்று
காலி இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது, நெட்டுக்குத்தாக.
கேட்டிலிருந்து பார்த்தேன்:
1861.