காற்புள்ளிக்கு முன்னால்

ஊத்தான் மெலிந்தாங், தராசு ஆபீஸ்.
இரவு ஒன்பதே முக்கால்.
திரையில் ஆறு பெட்டிகள், நடுவே அம்புகள்,
ஆறிலும் பச்சை டிக்.
"எல்லாம் ஓடுதுக்கா, பச்சையாத்தானே இருக்கு"
என்கிறான் கோலாலம்பூர் பையன்.
ஓடுகிறதுதான்.
படம்தான் திறக்கவில்லை.

ரோக்கோன் அறுத்த குலைகளின் எடைச்சீட்டு,
பதினொரு நாள், பதினொரு படம்,
தேதி மாறாமல் ஃபோல்டரில் கிடக்கிறது.
தட்டினால் மூலை கிழிந்த
சாம்பல் சதுரம்.
படம் இல்லாத டன்னுக்குக் காசு இல்லை
என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.
நாளை சம்பளம்.

நான் கோட் படித்தவள் இல்லை.
பெட்டியை இழு, அடுத்ததில் கோத்துவிடு:
ஈப்போவில் இரண்டு நாள் பயிற்சி,
மத்தியானம் பிரியாணி.
படம் ஏன் எழுத்தாகப் போகிறது என்று கேட்டேன்.
அது அப்படித்தான் என்றார்கள்.

படத்தைச் சின்னதாக்கினேன். இல்லை.
பெயரின் வாலை மாற்றினேன். இல்லை.
ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்,
எதற்கென்று எனக்கே தெரியாது.

கடைசியில்
முதல் பெட்டி கக்கியதை நோட்பேடில் கொட்டினேன்.
பெரிய எழுத்து சின்ன எழுத்து எண் கூட்டல்குறி
மூச்சுவிட ஓர் இடைவெளி இல்லாமல்
பக்கம் பக்கமாய்.
இதற்குள்ளா இருக்கிறது
ஈரச் சீட்டும் அவன் கட்டைவிரலும்
ஒன்று புள்ளி எட்டு நாலு டன்னும்?

ஆபீஸ் டேப்லெட்டில் எடுத்த படம் மட்டும்
திறக்கிறதே என்று அதையும் கொட்டினேன் பக்கத்தில்.
அது நேரே தொடங்குகிறது:
சாய்கோடு, ஒன்பது, ஜே.
ரோக்கோனுடையது அப்படி இல்லை.
திருவிழா மேடையில் மைக் பிடித்தவர் மாதிரி
இதோ வருவது படம், இன்ன வகை,
இன்ன முறையில் கட்டியது என்று இழுத்து
ஒரு காற்புள்ளி.
அப்புறம்தான்
சாய்கோடு, ஒன்பது, ஜே.

அறிவிப்பையும் சேர்த்துப்
படமென்று மென்றிருக்கிறது மூன்றாம் பெட்டி,
மென்றுவிட்டு டிக் போட்டிருக்கிறது.

ஒரு பெட்டி கூடுதலாய்ச் செருகினேன்:
காற்புள்ளியில் வெட்டு, பின்பாதியை மட்டும் கொடு.

திறந்தது.
சீட்டு, விரல், நகத்தில் செம்மண்,
ஓரத்தில் லோரிச் சக்கரம் பாதி.
அடுத்தது. அதற்கடுத்தது.
ஆளில்லாத ஆபீசில் மேசையைத் தட்டினேன்.

எட்டாம் தேதிப் படமும் திறந்தது,
பளிச்சென்று.
அதில் சீட்டு இல்லை.
ஒரு பூட்ஸ், கொஞ்சம் புல்.

எட்டாம் தேதி சீட்டு உன் பையில் இருக்கா பார்
என்று மலாயில் தட்டி அனுப்பினேன்.
லயத்தில் இந்நேரம் லைன் கிடைக்காது.

ஒற்றை டிக்,
சாம்பல்.