மண்ணுக்கு ரெண்டு கிலோ

விசுவமடு தாண்டித் தேராவில் வளைவில்
தகரம் அடித்த முக்கால் ஏக்கர்.
படலைக்கு மேலே பலகை:
"சபாநேசன் இருப்பு வாங்குமிடம்."
எழுதினவன் ஒரு மகரத்தை விழுங்கிவிட்டான்.
திருத்துவம் என்றேன்.
"விடு பிள்ளை, இருப்பும் வேணும்தானே" என்றார்.

முகாமால் வந்தபோது
அவரிடம் இருந்தது ஒரு மீன் தராசு.
பிறகு சாக்கு, பிறகு லாண்ட்மாஸ்டர்,
பிறகு நான்:
ஒரு மேசை, கதிரை, சீ.ஆர். கொப்பி.

முதலில் சைக்கிள்கள் வந்தன.
நெருப்புக் கண்டவை, சீற் இல்லாதவை,
பின் கரியரில் இன்னும் கயிறு சுற்றியிருந்தவை.
பிறகு தண்ணிப் பம்ப்,
பள்ளிக்கூட மேசைக் கால்கள்,
சில்லு மட்டும் சுற்றுகிற ஒரு தையல் மெசின்.
அதைச் சுற்றிவிட்டு,
நிற்கும்வரை பார்த்திருந்து
விலை சொன்னார்.

ஒரு மனுசி சில்வர் குடம் கொண்டுவந்தா.
சில்வர் எடுக்கிறேல்லை என்றோம்.
படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனா,
திரும்பிப் பார்க்கவில்லை.
நாலு நாள் பார்த்துவிட்டு நான் எடுத்தேன்.
இப்பவும் வீட்டில் அதில்தான் அரிசி.
கழுத்தில் வெட்டியிருக்கிற பெயர்
எனக்குத் தெரிந்த ஒருத்தருடையதும் இல்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விதி:
மண்ணுக்கு ரெண்டு கிலோ கழிக்க வேண்டும்.
சேறு ஒட்டியிருக்கும், துருவிற்குள் மணல் இருக்கும்,
கொழும்பில் அவங்களும் கழிப்பாங்கள் என்பார்.
கழுவித் துடைத்துக் கொண்டு வந்தாலும்
மண்ணுக்கு ரெண்டு.
ஒருத்தரும் வாதாடவில்லை.
அந்தச் சொல்லோடு வாதாடுகிற வாய்
அந்த வருசங்களில் எங்களிடம் இல்லை.

கிலோ இருபத்தெட்டு.
நாற்பத்தொன்று.
ஐம்பத்திமூன்று போன வருசம்
மூன்று லொறி லீசிங்கில் வந்தது,
முறுகண்டியில் நூற்றெட்டுத் தேங்காய் உடைந்தது,
வீட்டுக்கு மேல்மாடி, மாடிக்கு மேல் ஒரு கழுகு,
சீமெந்தில்.

கொழும்பில் ஏறுவது கப்பலில் போகும்,
கப்பல் சீனத்துக்குப் போகும்.
அங்கே உருக்குகிற முதலாளியின் படத்தைப்
பேப்பரில் வெட்டி
மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்.
பெயர் எங்கள் நாக்கில் நிற்காது.
"எங்கட ஆள்" என்பார்.
அவரும் சைக்கிள் திருத்தித்தான் தொடங்கினவராம்.
இப்போது சொந்த விமானம்,
சொந்தத் துறைமுகம்,
ஆயினும் மத்தியானத்தில் வெறும் கஞ்சிதானாம்.
அதைப் படித்த நாளிலிருந்து
சபாநேசனும் கஞ்சி.

செவ்வாய்க்கிழமை, மாரி தொடங்கின கிழமை,
கொழும்பு போன் எடுத்தது.
எங்கட ஆளைப் பிடித்துவிட்டார்களாம்.
இல்லாத இரும்புக்கு இருப்புக் காட்டிப்
பதினொரு வங்கியில் கடனாம்.
திறந்து பார்த்த களஞ்சியத்தில்
முன்வரிசை மட்டும் உலோகம்,
பின்னால் முழுக்க வெறும் பெட்டியாம்.
போனை வைத்துவிட்டு
பலகையை நிமிர்ந்து பார்த்தார்.
சிரித்த மாதிரித்தான் இருந்தது.

கிலோ பத்தொன்பது.
ஐம்பதுக்கு வாங்கினது மலையாய்க் கிடந்து
மழையில் சிவந்து ஒழுகியது.
லீசிங் பெடியள் நல்ல மரியாதை,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து
லொறித் திறப்புகளைக் கேட்டார்கள்.
மேல்மாடி வங்கிக்குப் போனது.
கழுகை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு இரவு நான்
எட்டு வருசக் கொப்பிகளைக் கூட்டினேன்,
மண்ணுக்குக் கழித்ததை மட்டும்.
நாற்பத்தொரு தொன், சொச்சம்.
அவ்வளவு மண்
எங்கள் வளவில் கொட்டுப்படவில்லை.

கடைசி நாள் தராசும் போகவிருந்தது.
ஏற்ற வந்தவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்
தட்டில் ஏறி நின்றார்.
"எழுது பிள்ளை."
முள் ஆடி ஆடி
அறுபத்தெட்டில் நின்றது.
அறுபத்தாறு என்று எழுதினேன்.

இறங்கி வந்து கொப்பியைப் பார்த்தார்.
பேனையைக் கேட்டு வாங்கி
விற்கிறவர் வைக்கிற இடத்தில்
கையெழுத்து வைத்தார்.