நிகர எடை

பகாவ் கடைத்தெருவில் என்னைத் தெரியாதவர் இல்லை.
கோழிக்கடை ஹனீபா, நான்கு நம்பர் கடைச் சீனத்தி,
எண்ணெய் நிலையத்து நேப்பாளிப் பையன்,
எல்லாருக்கும் நான்
ஆலை வாசலில் லாரி நிறுக்கும் அக்கா.

இணையத்துக்கு மட்டும் தெரியவில்லை.
நீ இயந்திரமில்லை என்று நிரூபி என்றது.
ஒன்பது கட்டத்தில்
சமிக்ஞை விளக்கு உள்ளதையெல்லாம் தொடச் சொன்னது.
எங்கள் செம்மண் சாலையில் விளக்கே கிடையாது.
தொட்டேன். மூன்றாம் முறைதான் நம்பியது.

பிறகு பெயர்.
ஐசியில் நான் நெலாயனி,
அன்றைக்குப் பதிவு அதிகாரியின் காதில் விழுந்தது அவ்வளவு.
புத்தக அட்டையில் நளாயினி சன்னாசி.
இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டது.
ஐம்பத்தொரு வயதில் எனக்கே சில நாள் சந்தேகம்தான்,
அதை எழுத அங்கே கட்டம் இல்லை.

உங்களைப் பற்றி, நூற்றைம்பது எழுத்துகளுக்குள்.
சிரிக்காதீர்கள், அதற்கு எழுத்து எண்ணத் தெரியாது.
கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி.
எழுத்தாளர் என்றால் நமக்கு ஆறு,
அதற்குப் பத்து.
அந்தச் சொல்லை வைப்பதா விடுவதா என்றே
ஒரு சனிக்கிழமை போனது.
எடுத்துவிட்டேன். பத்து மிச்சம்.

என் வேலையில் இந்தக் குழப்பம் கிடையாது.
லாரி குலைகளோடு மேடையேறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், இன்னோர் எண்.
கழித்தால் வருவது பழம்.
அதற்குத்தான் காசு.

கணக்குப் பிரிவு ஷர்மிளா படம் எடுத்தாள்.
"கண்ணாடியக் கழட்டுங்கக்கா.
பின்னால புகைபோக்கி தெரியுது, இப்படி வாங்க.
வாரத்துக்கு மூனு தடவ போடணும்,
காலையில எட்டு மணி, ஆளுங்க பசியாறுற நேரம்."

போட்டேன்.
அட்டையைப் போட்டேன்.
கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் அட்டையைப் போட்டேன்.
நாற்பத்தொரு பேர் பின்தொடர்ந்தார்கள்.
ஒருவர் செருப்பு விற்கிறார்.
ஒருவர் போன தைப்பூசத்துக்கு முன்பே இறந்துவிட்டார்,
பிள்ளைகள் கணக்கை மூடவில்லை.
கட்டிலடியில் முந்நூற்று எண்பது பிரதிகள்.

பிறகு ஒரு புதன்கிழமை
நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து ஒரு பத்தி.
ஓட்டுநர் ஒருவன் வீடு திரும்புகிறான்,
மனைவி இல்லை, துணிகள் இல்லை,
செவ்வாய்க்கிழமை,
கூடத்தில் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு ஒன்று நாற்பதுக்கு ஒரு கட்டைவிரல்.
ராயப்பன்.

பெயரை மாற்றியிருந்தேன்.
லாரியின் நிறத்தை, பிள்ளைகளின் எண்ணிக்கையை,
ஊரைக்கூட மாற்றியிருந்தேன்.
விசிறியை மாற்ற மனம் வரவில்லை.

காலையில் வரிசையில் மூன்றாவதாக நின்றார்.
இருபத்திரண்டு டன் சொச்சம்.
சன்னல் வழியே சீட்டை நீட்டினார்.
"படத்துல வேற மாதிரி இருக்கீங்க."
பின்னால் அடுத்த லாரி ஆரன் அடித்தது.
"செவ்வாக்கிழம இல்லக்கா. வியாழக்கிழம."

கொட்டிவிட்டு வந்தார்.
வண்டியின் எடை ஒன்பது டன்னுக்குக் கொஞ்சம் மேலே.
கழித்து, அச்சடித்து, கொடுத்தேன்.
எண்ணை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்,
எப்போதும் பார்ப்பதுபோல,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பெட்டிகளை இழுத்துப் பிரித்தேன்.
நாற்பத்தேழு, ஒன்பதாம் வரி.
செவ்வாயை அடித்து மேலே வியாழன்.
அடுத்தது. அடுத்தது.
ஷர்மிளாவிடம் சொல்லியிருக்கக்கூடாது.
"ஐயோ அக்கா, இத வீடியோ எடுங்க, நல்லா ஓடும்" என்றாள்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாவதில் நீல மை தீர்ந்தது.
வீட்டில் இருந்தது சிவப்புதான்,
ஆலையில் தப்பு எடைக்குப் போடுவது.
அதிலேயே எழுதினேன்.

விற்றுப்போன நூற்றிருபது
யார் யார் வீட்டிலோ
இன்னும் செவ்வாய்க்கிழமையில் இருக்கின்றன.