மூன்றாவது கறுப்பு

பதாகையில் யூஜின் முத்து என்று இருந்தது.
சவரியை வெட்டிவிட்டார்கள்,
அச்சகமோ, ஹாம்பர்க்கோ.
பிறை ரயில் யார்டில் முப்பது வருஷம்
தண்டவாளம் மாற்றிவிட்ட சவரிமுத்துவின் பாதி
பாடாங் எதிரே விளக்குக் கம்பத்தில்
கடற்காற்றில் படபடத்தது.
மேலே, தாயகம் திரும்புகிறார்.

எனக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தான்.
இரண்டாவது யாருக்கென்று எழுதவில்லை.
கைப்பையை உட்கார வைத்தேன்.
இரவு ஷிப்டுக்குப் போடும் அதே சுவெட்டர்தான்;
அந்த மண்டபத்துக் குளிர் பிணவறைக் குளிர்.
தாதி சொன்னால் நம்பலாம்.

வந்தான். நரைத்திருந்தது.
குனிந்தபோது அப்பாவின் பிடரி.
ஆங்கிலத்தில் நன்றி, மலாயில் ஒரு வரி,
மைக்கை விட்டு விலகப் போனவன் திரும்பி
"எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்றான்.
அங்கங்கே சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பை வைத்தே எண்ணிவிடலாம்
எத்தனை தமிழர் என்று.
நான் சிரிக்கவில்லை.
அம்மா கடைசிப் பதினோரு நாள் எதுவும் பசியாறவில்லை.
அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்
பூ வந்தது, கூரியரில்,
ஈரமில்லாமல்.

முதல் பாதி பெரிய பெரிய சமாச்சாரங்கள்.
கைகள் ஒன்றையொன்று துரத்தின.
பக்கத்துச் சீனப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்,
தூங்கவில்லையே என்று அவர் மனைவி
முழங்கையால் சரிபார்த்துக்கொண்டாள்.
நான் விரலைப் பார்க்கவில்லை. வலது பாதத்தைப் பார்த்தேன்.
பெடல் எட்டாத வயதில் அதன்மேல்
பால் டின்னைக் கயிறு போட்டுக் கட்டியது நான்.

கான்வென்ட் கழித்துக்கட்டிய பியானோ அது.
ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது.
பூட்டுக்கு வலப்பக்கம் மூன்றாவது கறுப்பு ஊமை,
அமுக்கினால் மரம் மரத்தில் இடிக்கும்,
அவ்வளவுதான்.
பழுதுபார்க்க நாற்பது வெள்ளி கேட்டார்கள்.
"பிலோ, அந்த ஒண்ண நீ பாடிடு" என்றார் அப்பா.
பாடினேன்.
ஒன்பது வருஷம்,
தட்டு கழுவிக்கொண்டு, சட்டை பிழிந்துகொண்டு,
கணக்குப் பாடம் போட்டுக்கொண்டு,
நேரம் தவறாமல் ஒரே ஒரு சுரம்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.
குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதுபோல.

கடைசியில் கைதட்டல் ஓயவில்லை.
மூன்றாம் முறையாக வந்து உட்கார்ந்தான்.
சின்னப் பயிற்சிப் பாட்டு,
பத்து வயதுப் பிள்ளைகள் வாசிப்பது.
மெல்ல ஏறியது. ஏறி, அந்த இடத்தில்
விரல் கறுப்பின்மேல் வந்து
தொடாமல் நின்றது.

மண்டபம் அதைக் கலை என்று எடுத்துக்கொண்டது.
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
எனக்குத் தெரியும், அவன் காத்திருந்தான்.

தொண்டை வரை வந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாட்டு சுற்றி இரண்டாம் முறை அங்கே வந்தது.
இப்போது இருட்டைப் பார்த்தான்,
எந்த வரிசை என்று தெரியாமல்
தப்பான பக்கம்.
நான் தரவில்லை.
ஓட்டையை ஓட்டையாகவே விட்டு முடித்தான்.
ஜனம் அழுதது. அவனும்.

பூங்கொத்துக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.
நான் கிராப் பிடித்தேன்.
பாலத்தின் நடுவில்,
பிறைத் தொழிற்சாலை விளக்குகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில்,
அது தானாக வெளியே வந்தது.
பெரிதாக இல்லை. சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது,
ஐம்பத்தெட்டு வயதுக்கு அப்படித்தான் வரும்.

ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்தான்:
"கெனாபா, மாக்சிக்?"
"தடா அபா," என்றேன்.

பக்கத்து இருக்கையில்
கைப்பைக்குள் போன் அதிர்ந்து
நின்று
மறுபடி அதிர்ந்தது.