கோதுமைக் கதிர் அச்சடித்த சாக்கு

ஞாயிற்றுக்கிழமை. செக்ரோலில் பேர் விழாத நாள்.
விழுந்தாலும் பெரிசாய் ஒன்றுமில்லை,
கொழுந்து கருகிப்போய்
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பிரட்டு.

ஆறு சாக்குகளோடு இறங்கினோம்.
கந்தப்பளை பேக்கரியில் சொல்லிவைத்து வாங்கிய மாச்சாக்குகள்.
உதற உதற வெள்ளைப் புகை.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
பச்சை மையில் சாய்ந்து நிற்கும் ஒரு கதிர்.
"நெல்லாம்மா?" என்றாள் ஜெனித்தா.
"கோதுமை."
அதற்குமேல் எனக்கும் தெரியாது.
மூன்று வேளையும் தட்டித் தின்கிறோம்;
அது நிற்கும் வயலை
எங்கள் வம்சத்தில் ஒருவரும் கண்டதில்லை.

நாங்கள் கண்டது இருபது பேர்ச் சரிவு,
நடுவே ஒரு கான்,
கான் முழுக்க உலர்ந்த சருகு.
மாசியில்
பகலை வெயில் எரித்தது
விடியலைப் பனி எரித்தது.
பீலியில் தண்ணீர் தையல் நூலாய் இறங்கியது.
குடிக்கப் பிடித்தது போக
ராத்திரி இரண்டு மணிக்கு டோர்ச்சைக் கடித்துக்கொண்டு
வாளி வாளியாய்ச் சுமந்தான் மருதவீரன்.
பக்கத்து லயத்தில் பார்த்துவிட்டார்கள்.
அதற்கும் ஒரு சண்டை.
சண்டையில் அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

முதல் வெட்டுக்கு
ணங் என்றது மண்.
மம்பட்டியைப் போட்டுவிட்டு அலவாங்கு எடுத்தான்.
பெயர்ந்த கட்டியை நான் கையால் உடைத்தேன்
உள்ளே ஏழு கிழங்கு,
எல்லாம் கோழிமுட்டை அளவு.
அடுத்த செடியில் ஐந்து.
அடுத்ததில் மூன்றும் ஒரு புழுவும்.
மத்தியானம் வரை யாரும் பேசவில்லை.
ஜெனித்தா மட்டும் புழுக்களுக்குப் பேர் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ரோட்டில் லொறி.
சோமதாஸ முதலாளி இறங்கவில்லை,
கதவு வழியே கையை நீட்டி
ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்,
மாத்திரை வாங்கியவர் மாதிரி.
பெரிசாய்ப் பொறுக்கியது இரண்டு சாக்கு. தராசில் ஏறியது.
மார்கழியில் தந்த விதைக்கும் உரத்துக்கும்
கொப்பியில் ஒரு கோடு இழுத்தார்.
கோட்டுக்குக் கீழே
இன்னும் ஓர் எண் உட்கார்ந்திருந்தது.

மிச்சம் மூன்று சாக்கு,
ஒன்று வெறுஞ்சாக்கு.
பொடிக்கிழங்குக்கு ஒரு விலை சொன்னார்.
அந்தக் காசுக்குச் சாக்கே வராது.
மருதவீரன் குனிந்து தூக்கப் போனான்.
ஏன் என்று தெரியவில்லை,
நான் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"முதலாளி,
மார்கழியில் நீங்கள் எண்ணித் தந்த விதை
இதைவிடப் பெரிசா?"

அவர் சிரித்தார்.
சிரித்ததில் கோபம் இருந்ததா, கணக்கு இருந்ததா,
இரண்டும்தான் இருந்திருக்கும்.
"அப்ப மிச்சக் கடன்?"
"ஆடிக்கு நட்டு, ஐப்பசிக்கு."
"மழை?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
லொறி புழுதியைக் கிளப்பிப் போனது.
இவனும் பதில் பேசவில்லை
மேட்டில் ஏறும்வரை முன்னால் நடந்தான்,
தோளில் சாக்கு,
முதுகில் அந்தப் பச்சைக் கதிர்
ஆடி ஆடி ஏறியது.

காம்பராவில் எங்கே வைப்பது?
கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் கொடுத்துத் தூக்கி
அடியில் பரப்பினோம்.
இனி நாலு மாதம்
முளைவிடப்போகும் கண்களின் மேல் தூக்கம்.
திரும்பிப் படுத்தால்
மண்வாசம் கூடத் திரும்பிப் படுக்கும்.

வானொலி வேறு மாவட்டத்து மழையைச் சொல்லிக்கொண்டிருந்தது.
மா பிசைந்தேன்.
தண்ணீரை அளந்து அளந்து ஊற்றியதில்
ரொட்டி ஓரம் வெடித்தது.
அவன் வெடித்த பக்கத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.
சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

விளக்கை அணைக்கப் போகையில் பார்த்தேன்
அடுப்புச் சாம்பலுக்குள்
ஒரு சின்ன மேடு, லேசாய்ப் புகைந்தபடி.
கட்டிலுக்கடியில்
கடைசி வரிசையில் ஓர் இடம் காலி.
ஜெனித்தா போர்வைக்குள்
தூங்குவது போல மிகக் கவனமாய்த் தூங்கினாள்.

நான் எண்ணவில்லை என்றே
அவள் நினைத்துக்கொள்ளட்டும்.